அரப்புக் குளியல்

வண்டி உறுமும், நகராது. அதுதான் நடந்தது. கியர் விழும். கிளட்சை விட்டா தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும். நின்ன இடத்துலயே நிக்கும். ஆடி போச்சு, ஆவணி போச்சு, புரட்டாசியும் பாதி போச்சு. அப்படியேதான் நின்னது.

என்ன கேட்ட? சத்தமா பேசு தம்பி. இந்தக் காலத்துல எவனுக்கும் தொண்டையே இல்லை.

ஆமா, மூலையில நிக்குதே, அந்தச் சிவப்பு வண்டிதான். பாரு. போட்டோ வேணும்னா எடுத்துக்க. ஏறி உக்காராதே. அதோட ஸ்டாண்டு ஒரு கேடு கெட்ட ஸ்டாண்டு. வண்டியை லேசா நிமிர்த்தினாப் போதும், தானா மடங்கிக்கும். அது தெரியாம பெட்ரோல் பங்க்ல ஒரு தடவை கீழே போட்டுட்டேன். தூக்க முடியலை. சுத்தி நின்னவனெல்லாம் முதல்ல வீடியோ எடுத்தான், அப்புறம்தான் கை கொடுத்தான்.

உக்காரு. உன் பம்ப் வரிசையில ரெண்டாவதா இருக்குது. நான் கேட்டு அனுப்பினாத்தான் வெளியே போகும். அதுவரைக்கும் சும்மாதானே இருக்கப் போற, சொல்றேன்.

வெளியில போர்டுல இருக்கறது எங்கப்பா பேரு. கம்பெனியை நடத்தினது நான். இந்த டெஸ்டிங் ஷெட்டுல, தோ இந்த இடத்துல, நாற்காலி போட்டு உக்கார்ந்திருப்பேன். பம்பை ஓட விடுவாங்க. ஸ்க்ரூ டிரைவர் முனையைப் பம்ப் மேல வெச்சு, பிடியைக் காதுல அழுத்திக்குவேன். பேரிங் சரியில்லையா, ஷாஃப்ட் உரசுதா, உள்ள ஏதாச்சும் தட்டுதா, எல்லாம் காது சொல்லிடும். சரின்னா தலையை ஆட்டுவேன். இல்லைன்னா கையை ஆட்டுவேன். வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை.

போன மாசியில, உடுமலைப் பக்கம் போன பம்ப் கொஞ்சம் திரும்பி வந்தது. பேரிங் கீச்சு கீச்சுன்னு கத்துதாம். நான் கேட்டு அனுப்பினது. எனக்கு வந்தது பாரு கோபம். இங்கேயே மாட்டி ஓட்டச் சொல்லிக் கேட்டேன். ஒரு கீச்சும் இல்லை. சுத்தமா இருந்தது. சுத்தி நின்னவனெல்லாம் காதைப் பொத்திக்கிட்டு நின்னான். எல்லாம் நடிப்பு. என் மகன் பூபதி என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான்.

அடுத்த வாரம் வந்தா என் நாற்காலியைக் காணோம். அந்த இடத்துல ஒரு மீட்டர், அதுலேருந்து ஒரு வயர், வயர் முனையில ஒரு காந்தம். பம்ப் மேல ஒட்டினா நம்பர் காட்டுமாம். நாற்காலி எங்கடான்னேன். நீங்க உழைச்சது போதும்ப்பா, வீட்டுல இருங்கன்னான். ஆளுங்க முன்னாடி. மரியாதையாத்தான் சொன்னான். மரியாதையா சொன்னா வலிக்காதா?

வீட்டுல என்ன இருக்குது? டீவி வாயை வாயை அசைக்குது. ஏத்தி வெச்சா பக்கத்து வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டறானாம். அவன் தட்டறதும் எனக்குக் கேக்கறதில்லைன்னு வீட்டுக்காரி சொல்றா. அவ சொல்றதாவது கேக்குதா, அதுவும் இல்லை. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவ பேச்சு அப்படி, வாய்க்குள்ளயே. போகப் போக இன்னும் குறைஞ்சு போச்சு. ஏம்புள்ள, வாயைத் திறந்துதான் பேசேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

அதோ, அவரைக்காய் அரிஞ்சுக்கிட்டு உக்கார்ந்திருக்காளே, அவதான். வீட்டுல பொழுது போகலைன்னு இங்கே வந்துடறா. அது கிடக்கட்டும்.

வைகாசியில அவளுக்குப் பல் வலி. குன்னூர்ல ஒரு டாக்டரம்மா வலிக்காம எடுப்பாங்கன்னு யாரோ சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். வெள்ளை முடியைக் குட்டையா வெட்டின அம்மா. அவங்க வீட்டு போர்ட்டிகோவுல நிக்குது இந்த வண்டி. பழசு. இத்தாலிக்காரன் பண்ணினது, ரேஸ் வண்டி ஜாதி. அந்தம்மா வெளிநாட்டுல வேலை பார்த்தப்ப வாங்கினதாம், வர்றப்ப கப்பல்ல போட்டுக் கொண்டு வந்துட்டாங்க. அவங்களேதான் ஓட்டிக்கிட்டும் இருந்திருக்காங்க. இப்போ மணிக்கட்டு போயிடுச்சாம். விற்பனைக்குன்னு அட்டை தொங்குச்சு.

ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்.

தம்பி, அந்தச் சத்தம் இருக்குதே, அது காதுல வரலை, நெஞ்சுல வந்தது. டொப் டொப் டொப்னு ஒவ்வொரு அடியும் தனித்தனியா. ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு எந்திரம் என்கிட்ட நேருக்கு நேர் பேசின மாதிரி இருந்தது. வாங்கிக்கறேன்னேன். வீட்டுக்காரி அப்பத்தான் பல்லை எடுத்துட்டு வெளியே வந்தா. ஊசி போட்டு வாய் மரத்துக் கோணிக்கிட்டு இருந்தது. கையை ஆட்டி என்னமோ சொன்னா. ஒண்ணும் விளங்கலை. சரின்னுதான் சொல்றாளாக்கும்னு எடுத்துக்கிட்டேன்.

வண்டியை எடுக்கப் போன அன்னைக்கு அந்தம்மா பெரிய பிரசங்கம் பண்ணினாங்க. வண்டி ஓடிக்கிட்டிருக்குது, நான் மேல உக்கார்ந்திருக்கேன், அவங்க பக்கத்துல நின்னு கையை அங்கே காட்டி இங்கே காட்டிப் பேசறாங்க. எனக்கு எதுக்கு அதெல்லாம்? பொறந்ததுலேருந்து எந்திரத்தோட கிடக்கறவன் நான். எல்லாம் தெரியும் தெரியும்னுட்டேன். கடைசியா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து நீட்டினாங்க. திறந்து பார்த்தேன். வட்டம் வட்டமா பிளேட்டுங்க, காகிதத்துல சுத்தி. இந்தக் குப்பையை நீங்களே வெச்சுக்கங்க, எனக்கு வேணும்னா நானே பண்ணிக்குவேன்னேன். அவங்க என் வீட்டுக்காரியைப் பார்த்தாங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஓரமா நின்னு பேசினாங்க. பல் விஷயமா இருக்கும்.

நான் வண்டியில மலை இறங்கினேன். அவ பின்னாடி கார்ல வந்தா. மடியில அந்த டின் இருந்ததை மேட்டுப்பாளையத்துல டீ குடிக்க நின்னப்பத்தான் பார்த்தேன். முறுக்குப் போட்டு வெக்க ஆகும்னு வாங்கியிருப்பா, பொம்பளைங்களுக்கு டின்னைக் கண்டா விட மனசு வராதுன்னு நினைச்சேன்.

அந்த வண்டியில உக்கார முடியாது. படுக்கோணும். வயிறு டேங்க் மேல, உடம்பு எடை மொத்தமும் மணிக்கட்டுல. கண்ணாடியில பின்னாடி வர்ற லாரி தெரியாது, என் முழங்கைதான் தெரியும். கொண்டை ஊசி வளைவுல ஹேண்டில் பாதிதான் திரும்பும், மீதிக்கு சாமியைக் கும்பிட்டுக்கோணும். புகைக்குழாய் ரெண்டும் சீட்டுக்கு அடியில. சிக்னல்ல நின்னா தோசைக்கல் மேல உக்கார்ந்த மாதிரி. ஆனா தம்பி, கல்லாறு தாண்டி சமதரைக்கு வந்ததும், ரெண்டு பக்கமும் பாக்குத் தோப்பு, ரோட்டுல ஆள் இல்லை. கையை ஒரு முறுக்கு முறுக்கினேன்.

அதைச் சொல்ல வரலை எனக்கு. விடு.

ஒரே ஒரு குறை. கிளட்சைப் பிடிச்சா கலகலன்னு ஒரு சத்தம். பித்தளைச் சட்டியில ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி. விட்டா நிக்கும், பிடிச்சா வரும். வீட்டுல கொண்டு வந்து நிறுத்தினப்ப பூபதி வாசல்ல நிக்கறான். அவன் காதைக் கிட்டக் கொண்டு போனான், சிரிச்சான். என்னப்பா, இதுகூடவா கேக்கலைன்னான். நல்லா சத்தமாச் சொன்னான்.

கேக்குதுடா, வாங்கறப்பவே கேட்டது, நான் சரி பண்ணிக்குவேன்னேன்.

அவன் வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்தான். அப்புறம் சொன்னான்: "சரி பண்ணுங்க. ஆயுத பூஜைக்கு நீங்களே கம்பெனிக்குள்ள ஓட்டிக்கிட்டு வாங்க, நாற்காலியைத் திரும்பப் போட்டுடறேன். முடியலைன்னா வண்டியைக் கொடுத்துட்டு வீட்டுல இருக்கோணும். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே வேண்டாம்."

சரிடான்னேன். ஒரு கலகல சத்தம், இதெல்லாம் ஒரு வேலையா எனக்கு?

இரு, முதல் பம்ப் ஓடுது. கேக்கறேன்.

சரி. நல்லாயிருக்குது. போகட்டும்.

மறுநாளே கிளட்ச் மூடியைப் பார்த்தேன். மூடியில ஜன்னல் ஜன்னலா வெட்டி விட்டிருக்கான் இத்தாலிக்காரன். உள்ள பிளேட் சுத்தறது வெளியில தெரியுது. டார்ச் அடிச்சுப் பார்த்தா, காய்ஞ்சு கிடக்குது. ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. நம்ம ஊர் வண்டியில கிளட்ச் எண்ணெய்க்குள்ள முங்கியே கிடக்கும். இது இரும்போட இரும்பு மோதிக்கிட்டுக் கிடக்குது. கத்தாம என்ன பண்ணும்? அந்த டாக்டரம்மா இத்தனை காலமா ஒரு சொட்டு எண்ணெய் காட்டாம ஓட்டியிருக்காங்களேன்னு எரிச்சலா வந்தது. எண்ணெய்க் கேனை எடுத்தேன். ஜன்னல் வழியா வயிறு ரொம்ப விட்டேன்.

சத்தம் நின்னு போச்சு.

அப்படியே பஞ்சு மாதிரி. கிளட்சைப் பிடிக்கறேன், விடறேன், பிடிக்கறேன், விடறேன். மூச்சு இல்லை. ஏம்புள்ள, இங்கே வந்து கேளுன்னு கூப்பிட்டேன். வந்தா. எண்ணெய்க் கேனைப் பார்த்தா, வண்டியைப் பார்த்தா, தலையில கை வெச்சுக்கிட்டா. வாய் அசைஞ்சுது. டாக்டரம்மா, டாக்டரம்மாங்கறது மட்டும் தெரிஞ்சுது. அவங்களுக்கு என்ன தெரியும், அவங்க பல்லு புடுங்கறவங்கன்னேன்.

அடுத்த நாள் ரயில்வே மேம்பாலத்துல ஏறினேன். பாதியில வண்டி உறுமுது. நான் முறுக்கறேன், இன்னும் உறுமுது. நகரலை. பின்னாடி பஸ், அதுக்குப் பின்னாடி இன்னொரு பஸ். ஒரு கிழவன் சிவப்பு வண்டி மேல படுத்துக்கிட்டு முறுக்கோ முறுக்குன்னு முறுக்கறான், வண்டி இருந்த இடத்துல நின்னு கத்துது. ஹெல்மெட் போட்ட ஒருத்தன் பக்கத்துல வந்து நிறுத்தி, கிளட்சைக் காட்டிக் காட்டி என்னமோ சொன்னான். ஹெல்மெட்டுக்குள்ள பேசினா யாருக்குக் கேக்கும்? கடைசியில நாலு பேர் பிடிச்சுப் பின்னாலேயே உருட்டி இறக்கி விட்டாங்க. கால்ல விழாத குறையா அவங்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன். நான் யாருக்கும் நன்றி சொன்னவன் இல்லை.

அன்னைக்கு ஆரம்பிச்சது. பிரிச்சேன். பிளேட்டை எடுத்தேன். பெட்ரோல்ல அலசினேன், துணியில துடைச்சேன். ஸ்ப்ரிங்கை மாத்தினேன். மாட்டி, புது எண்ணெய் விட்டேன். போன தடவை விட்டது மட்டமான எண்ணெயா இருக்கும்னு இந்தத் தடவை உசத்தியானது. நகரலை. மறுபடி பிரிச்சேன். மறுபடி மாட்டினேன். இன்னும் உசத்தியானது. சத்தம் என்னமோ வரலை, அதுல குறை சொல்ல முடியாது. கம்பெனியிலேருந்து ஃபோர்மேன் திருமூர்த்தி வந்து பார்த்தான். அவன் என்கிட்ட தொழில் கத்துக்கிட்டவன். நல்லா பண்ணியிருக்கீங்கய்யா, எண்ணெய் மட்டும் எதுக்குங்க ஐயான்னு இழுத்தான். நான் பார்த்த பார்வையில கிளம்பிப் போயிட்டான்.

அந்தம்மா ஏமாத்திட்டாங்கன்னு முடிவு பண்ணினேன். போன் போட்டு விளாசினேன். அவங்களும் என்னமோ பதில் சொன்னாங்க. கொர்ருங்குது, ஒண்ணும் பிடிபடலை. இப்ப வர்ற போனெல்லாம் அப்படித்தான் செய்யறான். வீட்டுக்காரிகிட்டத் தூக்கிப் போட்டேன். அவ அதை வாங்கிட்டு உள்ளே போய் ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தா. ம், ம்னு தலையை ஆட்டிக்கிட்டு. வெளியே வந்து என் பக்கத்துல உக்கார்ந்து சொல்ல ஆரம்பிச்சா. முணுமுணுக்காதேன்னேன். எந்திரிச்சுப் போயிட்டா.

பூபதி தினமும் காரை எடுக்கறப்ப போர்ட்டிகோவைப் பார்ப்பான். பிரிச்சுப் போட்டதைப் பார்ப்பான். போயிடுவான். ஒரு நாள் யாரோ ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து வண்டியைச் சுத்திக் காட்டினான். நான் இருக்கறப்பவே. விலை பேசத்தான்.

தம்பி, அவங்க போனதும் மறுபடி ஸ்பேனரை எடுத்தேன்.

பூஜைக்கு முந்தின சனிக்கிழமை. காலையில கடைசியா ஒரு தடவை மாட்டி ஸ்டார்ட் பண்ணினேன். கியர் போட்டேன். கிளட்சை மெதுவா, மெதுவா விட்டேன். கத்திச்சு. நின்னுது. வாசல் சாய்வுல கூட ஏறலை. அணைச்சுட்டேன். இறங்கக் கூடத் தோணலை, மேலேயே உக்கார்ந்திருந்தேன். என்ன பண்றதுன்னு தெரியலையேன்னேன். யார்கிட்டயும் சொல்லலை. பக்கத்துல யாரும் இருக்கறதாவும் நினைக்கலை.

அவ துளசி மாடத்துக்குப் பின்னாடி கோலப்பொடி டப்பாவோட நின்னிருக்கா. கிட்ட வந்தா. சனிக்கிழமை, எண்ணெய் தேய்ச்சுக் குளிங்கன்னு கையாலேயே தலையைத் தேய்ச்சுக் காட்டினா. எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. போனேன்.

பின்பக்கம் துவைகல் பக்கத்துல முக்காலி போட்டுக் கோமணத்தோட உக்கார்ந்தேன். நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சியில ஊத்தி, கண்ணுலயும் ரெண்டு சொட்டு விட்டுட்டா. கண்ணு எரிஞ்சு மூடிக்கிச்சு. ஊறட்டும்னு விட்டுட்டுப் போயிட்டா. கொஞ்ச நேரத்துல டங்கு டங்குன்னு என்னமோ இரும்புச் சத்தம். என்ன புள்ளன்னு கேட்டும் சத்தம் நிக்கலை. கண்ணைத் திறக்க முடியலை. எந்திரிச்சா வழுக்கும். ஒண்ணும் பண்ண முடியாம உக்கார்ந்திருக்கேன்.

அரப்பு வாசம் வருது. தலைக்குத் தேய்க்கற பச்சைத் தூள், எண்ணெயை எடுக்கறதுக்கு. எனக்குத்தான் கரைக்கறாளாக்கும்னு தலையைக் குனிஞ்சு காட்டறேன். காட்டிக்கிட்டே இருக்கேன். வரலை. ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தா, அண்டாவுல சுடு வடிகஞ்சி, அதுல அரப்பைக் கரைச்சு, உள்ள என் கிளட்ச் பிளேட்டெல்லாம் முங்கிக் கிடக்குது. திருமூர்த்தியை வரச்சொல்லிக் கழட்டியிருக்கா. அவன் தூரமா சுவரைப் பார்த்துக்கிட்டு நிக்கறான். இவ ஒவ்வொண்ணா எடுத்துத் தேங்காய் நாரால தேய்க்கறா, வெந்நீர் ஊத்தறா, மறுபடி அரப்பு, மறுபடி வெந்நீர். மூடியும், பிளேட்டெல்லாம் உள்ள அடுக்கற இரும்புக் கூடையும் அதே மாதிரி. பால் பாத்திரம் கழுவற மாதிரி.

என்ன புள்ள பண்றன்னு கத்தினேன். அவ நேரா என் முன்னாடி வந்து நின்னா. குனிஞ்சா. என் காதுக்கிட்ட வாயை வெச்சுக் கத்தினா. கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"எண்ணெய் வெச்சா அரப்புப் போட்டுத்தானுங்க எடுக்கோணும். பெட்ரோல்ல குளிச்சா போகுமா? அதுக்கு எண்ணெயே ஆகாது. காய்ஞ்சுதான் கிடக்கோணும், சத்தம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோணும். சத்தம் போட்டாத்தான் நகரும். வண்டியை எடுத்த அன்னைக்கே அந்த டாக்டரம்மா சொன்னாங்க. நானும் அன்னையிலேருந்து சொல்றேன்."

கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

என்ன தம்பி சிரிக்கற?

பிளேட்டையெல்லாம் வெயில்ல, வடகம் காயப்போடற மாதிரி வேட்டி விரிச்சுப் பரப்பி வெச்சா. அப்புறம்தான் என் தலைக்கு வந்தா. மிச்சமிருந்த அரப்புல. கையை மூணு தடவை கழுவி விட்டா. எண்ணெய்க் கையோட அதைத் தொடக்கூடாதாம். பூஜை அலமாரியிலேருந்து அந்த பிஸ்கட் டின்னை எடுத்தாந்து வெச்சா. முறுக்கு இல்லை. காகிதம் பிரிக்காம அப்படியே இருக்குது. பூச்சுப் போட்ட பிளேட் எண்ணெய் குடிச்சா உதவாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களாம், அதுக்குப் பதிலா டின்ல இருக்கற புது பிளேட், வெறும் இரும்பு பிளேட்டைக் கழுவினதே போதுமாம். இவ ஒவ்வொண்ணாத் துடைச்சுக் கொடுக்கக் கொடுக்க, மாட்டினது நான்தான். அதை நல்லா கேட்டுக்க. மாட்டினது நான்.

ஸ்டார்ட் பண்ணி கிளட்சைப் பிடிச்சேன். கலகலன்னு சட்டி ஆணிச் சத்தம். எனக்கு உடம்பெல்லாம் எரியுது. கை தானா எண்ணெய்க் கேனைத் தேடுது. அவ அதைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கறா. கிளட்சை விட்டேன்.

போச்சு. கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டிப் போச்சு.

ஆயுத பூஜை அன்னைக்கு வண்டிக்குச் சந்தனம் வெச்சு, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சா. நசுக்கிட்டுக் கிளம்பினேன். மேம்பாலத்துல ஏறினேன். நடுவுல நிறுத்தி, வேணும்னே நிறுத்தி, மறுபடி எடுத்தேன். பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சான். அடிக்கட்டும். கம்பெனி கேட்டுக்குள்ள நுழையறப்ப ஆளுங்கெல்லாம் ரெண்டு பக்கமும் நிக்கறாங்க. கிளட்சைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உருட்டிக்கிட்டு வர்றேன். கலகலன்னு ஷெட்டு முழுக்க எதிரொலிக்குது. பூபதி பொரிப் பொட்டலம் கொடுத்துக்கிட்டிருந்தான். நிமிர்ந்தான். சத்தம் அப்படியே இருக்குதேப்பான்னான்.

இருக்கோணும்னேன்.

அவன் அவங்கம்மாவைப் பார்த்தான். அவ பூஜைத் தட்டுல கற்பூரம் அடுக்கிக்கிட்டிருந்தா. சரிப்பா, நாளைக்கு விஜயதசமி, வந்து உக்காருங்கன்னான். சொன்ன சொல்லைக் காப்பாத்தற பையன்தான். அதுல குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் முதல் பம்ப். நாற்காலியில உக்கார்ந்தேன். ஸ்க்ரூ டிரைவரைக் காதுல வெச்சேன். சுத்தமா இருந்தது. தலையை ஆட்டப் போறேன், எனக்கு இட்லி கொண்டு வந்த அவ தூக்குப் போசியைக் கீழே வெச்சுட்டுக் காதைப் பொத்திக்கிட்டா. பூபதி அதைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மீட்டர் என்ன காட்டிச்சோ, எனக்குத் தெரியாது, நான் அதைப் பார்க்கறதில்லை. ஆட்ட இருந்த தலையை ஆட்டலை. கையை ஆட்டினேன். பிரிச்சுப் பார்த்தாங்க. பேரிங் போயிருந்தது. திருமூர்த்தி, ஐயா காதுன்னா ஐயா காதுதான்னான்.

பூபதி அன்னைக்கு மத்தியானம் இன்னொரு நாற்காலி கொண்டு வந்து போட்டான். அம்மாவுக்கு வீட்டுல பொழுது போகலையாம், இங்கே வந்து காய் அரியட்டுமேன்னான். அரியட்டும். எனக்கென்ன இடைஞ்சல்.

பேசாம இரு. இது உன் பம்ப்.

ம்.

நல்லா... இரு. இரு. நிறுத்தச் சொல்லு. ஏம்ப்பா, நிறுத்து. பேரிங் கத்துது. உனக்குக் கேக்குதா? கேக்குதில்ல. தாராபுரம் வரைக்கும் கொண்டு போயிட்டுத் திரும்பத் தூக்கிக்கிட்டு வந்திருப்ப. மாத்திக் கொடுப்பாங்க, சாயங்காலம் வா.

எப்படிக் கண்டுபிடிச்சேனா? காது தம்பி, காது. அவ கத்தியைக் கீழே வெச்சதை எதுக்குப் பார்க்கற? அவரைக்காய் தீர்ந்திருக்கும்.

என்ன? வண்டியைச் சரி பண்ணினது யாரா? அதான் சொன்னேனே, மாட்டினது நான்.

மாட்டறது எவனும் மாட்டுவான்.

அவ பேரைக் கேக்கறியா? எங்க பக்கம் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை. ஏம்புள்ளைன்னா திரும்புவா, அவ்வளவுதான். நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. சத்தமா சொல்ல மாட்டேன், அவளுக்குக் கேட்டுடும். அவ காது அப்படி. கிட்ட வா.

பாவாத்தாள்.